வலது கையில் நான்கு மூட்டுகள்

ஜூன் 13, செவ்வாய்

நாளை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். வலது கையில் ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டுவிரல் வரை நான்கு விரல்களின் அடி மூட்டையும் எடுத்துவிட்டு, சிலிக்கானில் செய்த மூட்டு வைக்கப்போகிறார்கள். முடக்குவாதம் பதினொரு வருடமாகத் தின்றது போக மிச்சம் இருப்பதை எடுப்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. விரல்கள் நான்கும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. காற்றில் சாய்ந்த சோளத்தட்டை மாதிரி இருக்கிறது கை.

இந்த டைரியைக் கொடுத்தது ரெஜினா. இந்த மதுரை ஆஸ்பத்திரியில் கைகளுக்கு மட்டும் பயிற்சி கொடுக்கிற பெண். "தினமும் ரெண்டு வரி எழுதுங்கக்கா. வலி பத்துக்கு எவ்வளவு, என்ன வேலை செய்ய முடிஞ்சது, அவ்வளவுதான். எனக்குக் காட்ட வேண்டாம். எழுதுறதே பயிற்சிதான்" என்றாள்.

வலி ஏழு. இன்று செய்த வேலை: ஆஸ்பத்திரி பாரத்தில் செண்பகவல்லி என்று கையெழுத்துப் போட்டது. 'ல்லி' பாரத்துக்கு வெளியே போய்விட்டது.

டாக்டர் அபூபக்கர் இன்று மூன்றாவது முறையாக அதையே சொன்னார். விரல் நேராகும், வலி குறையும், ஆனால் பிடிமானம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள், முழுக்க மடக்கவும் வராது. எதற்காக ஆபரேஷன் வேண்டும் என்று கேட்டார். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் உதவியாளர் வேலை, பேனா பிடிக்க முடியவில்லை, ஸ்டேப்ளரை அமுக்க முடியவில்லை என்றேன். பொய் இல்லை.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்றால் என் வீட்டுக்காரர், தெய்வசிகாமணி. தாய்மாமன் மகன். இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் காது போனது. பேச்சு வரவே இல்லை. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் முப்பது வருடமாக மெஷின் ஓட்டுகிறார். வெளியே வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். கையால் சொன்னேன். மறுபடி என்றார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினேன். இப்போது என் கையில் தெளிவாகப் பேசுவது அது ஒன்றுதான். அதனால் சொல்ல முடிவது நல்லது, கெட்டது என்று இரண்டே வார்த்தை.

கல்யாணமான புதிதில் இரண்டு வருடம் ஆனது எனக்கு அவர் பாஷை படிய. படிந்த பிறகு நாங்கள் பேசாத பேச்சு இல்லை. "வாய் பேசுறவுகளே இவ்வளவு பேச மாட்டாக, என்னத்தத்தான் பேசுவீகளோ" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அது வேறு காலம்.

ஜூன் 15, வியாழன்

இடது கை எழுத்து. முடிந்தது. வலி 8.

ஜூன் 17, சனி

கை தலையணை மேல். கட்டுக்கு வெளியே விரல் நுனி மட்டும் தெரிகிறது. அவர் ஏதோ கேட்டார். இடது கையால் சொன்னேன். தலையாட்டினார். புரியவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 21, புதன்

ரெஜினா வெந்நீரில் ஒரு பிளாஸ்டிக் தகட்டை முக்கி, என் முன்கையின் மேல் வைத்து அழுத்தி, கைக்கு ஏற்றபடி அச்சு எடுத்தாள். அதன் மேலே கம்பி. கம்பியிலிருந்து நான்கு ரப்பர் பேண்டு. ஒவ்வொன்றின் நுனியிலும் தோல் வளையம், வளையத்துக்குள் ஒவ்வொரு விரல். நான் விரலை மடக்க வேண்டும், ரப்பர் அதை மேலே இழுத்துக்கொண்டு போகும். மணிக்கு ஒரு முறை, பத்துப் பத்துத் தடவை. ஆறு வாரம். ராத்திரிக்கு வேறு ஒன்று.

கட்டிவிட்ட கையை அவரிடம் காட்டினேன். கம்பியைத் தட்டிப் பார்த்தார், ரப்பரின் இழுவையைச் சோதித்தார், மெஷினைப் பார்க்கிற மாதிரி. ஆறு வாரத்துக்கு இந்தக் கை ஒரு வார்த்தை சொல்லாது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? இடது கையும் சாய்ந்ததுதான், சற்றுக் குறைச்சல், அவ்வளவே.

ஜூன் 28, புதன்

தையல் பிரித்தார்கள். கையை முதல் தடவையாக முழுதாகப் பார்த்தேன். விரல்கள் நேராக இருந்தன. யாருடைய கையோ மாதிரி. நர்ஸ், பக்கத்துப் படுக்கை அம்மா, அவள் மருமகள், எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள். பொண்ணு பார்க்கவா வந்திருக்கிறார்கள்?

அவரும் குனிந்து பார்த்தார். தொடவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு காபி வாங்கப் போனார். நான் காபி கேட்கவில்லை.

ஜூலை 3, திங்கள்

எங்கள் ஊர் திருத்தங்கலுக்கு வந்துவிட்டோம். மதுரையிலிருந்து இடையிடையே வீட்டுக்கு வந்துபோன நாட்களில் மனிதர் சும்மா இருக்கவில்லை. குழாய்களுக்கெல்லாம் நீளக் கைப்பிடி மாற்றியிருக்கிறார். கரண்டிக் காம்புகளில் சைக்கிள் கைப்பிடி ரப்பர். பீரோ கதவில் கயிறு. டப்பா மூடியைத் திறக்கச் சுவரில் ஒரு கருவியை அடித்து வைத்திருக்கிறார். பிரஸ்ஸிலேயே செய்திருக்க வேண்டும். எல்லாம் நல்ல வேலை. ஒன்றைப் பற்றியும் என்னிடம் கேட்கவில்லை. இந்த வீட்டில் நான் என்ன, ரிப்பேருக்கு வந்த சாமானா?

வலி 4. வழக்கம்போல் அவர் ஹாலில் படுத்துக்கொண்டார். அதுவும் நல்லதுதான். கையை நீட்டி வைக்க எனக்கு இடம் வேண்டும்.

ஜூலை 9, ஞாயிறு

தலை வாரத் தெரியாதவர் வாரினார். முதலில் எண்ணெய் அதிகம். அடுத்து மூன்று கால் எடுத்துப் பின்னுவதற்குப் பதில் கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கினார். நான் தலையை அசைத்தேன். அவர் நிறுத்திவிட்டு முன்னால் வந்து, என்ன என்றார். இடது கையால் காற்றில் பின்னிக் காட்டினேன். ஜடை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுவிட்டார்.

கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். மனுசனா நீங்க, ஒரு சடை பின்னத் தெரியாதா, முப்பது வருசமா என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க என்று. அடுத்த வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது. அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். பாதியாவது படித்திருப்பார். பிறகு சீப்பிலிருந்த முடியை எடுத்துச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அரிசி களையப் போனார்.

இன்று ஞாயிறு. முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு தடவை போடும் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். குமட்டல்.

ஜூலை 14, வெள்ளி

மணிக்குப் பத்துத் தடவை. மூன்று மணிக்குச் செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை.

ஜூலை 20, வியாழன்

ஓசூரிலிருந்து இந்துமதி வீடியோ கால். எங்கள் ஒரே மகள். அப்பா பாஷையில் எங்கள் இருவரையும்விடக் கெட்டி, பிறந்ததே அதற்குள்தானே. போனைச் சுவரில் சாய்த்து வைத்தால் அப்பாவும் மகளும் விடாமல் பேசுவார்கள். நான் காய் நறுக்குவேன். இப்போது அதுவும் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"அப்பாட்ட எதுவும் சொல்லணுமாம்மா? நான் சொல்றேன்" என்றாள். கேஸ் புக் பண்ணச் சொல்லு என்றேன். சொன்னாள். அவர் பதிலுக்கு நெடுநேரம் கையை ஆட்டினார். நெஞ்சைத் தொட்டார், என்னைக் காட்டினார், பாதி எனக்குத் தெரியாதபடி போன் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறீங்களான்னு கேக்குறாகம்மா" என்றாள் இந்து. அதைக் கேட்க அவ்வளவு நேரமா?

மகளிடம் சொல்லி அனுப்ப முடிவது கேஸ் சிலிண்டர் வரைக்கும்தான்.

ஜூலை 26, புதன்

ஆறு வாரம் முடிந்தது. பகலில் இனிக் கம்பி வேண்டாம், ராத்திரி மட்டும். ரெஜினா கோணமானி வைத்து அளந்தாள். சாய்வு முப்பத்தைந்து டிகிரி இருந்தது, இப்போது ஐந்து. முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு. ஆபரேஷனுக்கு முன்னால் வலி ஏழு, இன்று மூன்று. சரி, அது பெரிய விஷயம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ரெஜினா சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தேன். வலி என்றால் எங்கள் வழக்கத்தில் கையை இறுக்க மூடி நடுக்க வேண்டும். கை மூடவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பிடிக்கிற மாதிரி பாதியில் நின்றுவிட்டது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று எழுந்தார். இல்லை என்றேன். அதுவாவது புரிந்தது. ராத்திரிக்கு அடுத்த மாதமும் கட்ட வேண்டும் என்று சொன்னேன். அடுத்த தெருவா என்றார்.

பழைய கை குளறியது. புதுக் கை திக்குகிறது. இதற்கா நான்கு மூட்டையும் அறுத்துப் போட்டேன்?

ஆகஸ்ட் 6, ஞாயிறு

அவர் பிரஸ்ஸுக்குப் போன பிறகு கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கிறேன். காலண்டர் சீசன் ஆரம்பித்துவிட்டது, ஞாயிறும் போகிறார். சோறு, தண்ணீர், வா, எங்கே, யார், இவையெல்லாம் வருகின்றன. நேர் விரல் வேண்டிய வார்த்தைகள் நன்றாகவே வருகின்றன, ஐந்து வருடமாக இவ்வளவு நன்றாக வந்ததில்லை. விரல் மடங்க வேண்டியவை வரவில்லை. கோபம் வரவில்லை. ஞாபகம் வரவில்லை. ஏன் என்று கேட்க எங்கள் வழக்கத்தில் ஆள்காட்டி விரலைக் கொக்கி மாதிரி மடக்கி நெற்றியோரம் திருக வேண்டும். அதுவும் வரவில்லை.

ஆபீசில் பேனா பிடிக்க என்று டாக்டரிடம் சொன்னேன். பேனா பிடிக்க ஆபீசில் ஆறு பேர் இருக்கிறார்கள். வேண்டுமென்றால் கையெழுத்துக்குப் பதில் ரப்பர் ஸ்டாம்ப் கொடுத்திருப்பார்கள். அவரிடம் பேசத்தான் இந்தக் கையை அறுக்கக் கொடுத்தேன். இதை டாக்டரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்தோரு வயதுப் பொம்பளை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

இந்துமதி இரண்டு நாள் லீவில் வந்தாள். என் கையைப் பிடித்துப் பார்த்து, போட்டோ எடுத்து, மாமியாருக்கு அனுப்பினாள். 'எவ்வளவு அழகா இருக்கு' என்று மாமியாரிடமிருந்து பதில். காலையில் ஹாலில் சுருட்டி வைத்திருந்த அப்பாவின் பாயைப் பார்த்துவிட்டு, ஏன் அப்பா இங்கே படுக்கிறார் என்று கேட்டாள். ஃபேன் காற்று அவருக்கு இங்கேதான் நன்றாக வருகிறது என்றேன்.

"ரெண்டு ரூம்லயும் ஒரே ஃபேன்தானம்மா?"

அவளுக்கு என்ன தேவை இதெல்லாம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் விடவில்லை. பேச முடியவில்லை என்றால் எழுதிக் கேட்க வேண்டியதுதானே, வாட்ஸப் இருக்கிறதே என்றாள். எழுத்து அப்பாவுக்கு வெளியூர் மாதிரி என்றேன். சாமான் சீட்டு, பிரஸ் நோட்டீஸ், இவ்வளவுக்குத்தான் அவருக்கு எழுத்து. மனசில் இருப்பதை எழுத்தில் கேட்டால் அதிகாரி கேட்ட விளக்கம் மாதிரி ஆகிவிடும். அவள் என்னையே பார்த்தாள். "என்னத்தக் கேக்கணும்னு நான் சொல்லவே இல்லையேம்மா" என்றாள்.

உண்மையில் ஒரு தடவை எழுதினேன். மூன்று வருடத்துக்கு முன்னால், அவர் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போன முதல் மாதம். ஒரே வரி. அவர் சட்டைப் பையில் வைத்தேன். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் எடுத்துக் கிழித்துவிட்டேன். கிழிக்கும்போதுகூட விரல் வலித்தது.

செப்டம்பர் 6, புதன்

பன்னிரண்டு வாரப் பரிசோதனை. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நல்ல ரிசல்ட் என்றார். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்களை ஏதோ மாநாட்டில் காட்டச் சம்மதம் கேட்டார். கொடுத்தேன். பிறகு ஒரு கேள்வித்தாள். சாவி திருப்ப முடிகிறதா, பொத்தான் போட முடிகிறதா, பாட்டில் மூடி திறக்க முடிகிறதா, கையின் தோற்றம் திருப்தியா. முப்பது கேள்வி இருக்கும். கடைசியாகப் பிடிமானம் அளக்கும் கருவியை அழுத்தச் சொன்னாள் ரெஜினா. முள் நான்கு கிலோவில் நின்றது. ஆபரேஷனுக்கு முன்னால் ஐந்து.

எனக்கு எங்கிருந்து வந்ததோ. பேப்பரை அவள் மேஜையில் தள்ளினேன். நாலு மூட்ட மாத்தி, மூணு மாசம் கம்பியில கட்டிப் போட்டு, கடைசில ஒரு கிலோ கொறைச்சிருக்கீக, இதுல என்ன நல்ல ரிசல்ட் என்று கேட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

ரெஜினா கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "பிடிமானம் கூடாதுன்னு முதல்லயே சொன்னோமேக்கா. அதுக்கா இவ்வளவு கோவம்? உங்களுக்கு என்ன வேணும்னு ஒரு தடவைகூட நீங்க எங்ககிட்ட சொல்லலையே" என்றாள்.

சொன்னேன். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அவருக்குக் கேட்காது என்கிற தைரியத்தில், இவரோடு பேசணும் என்று சொன்னேன். அழுகை வந்துவிட்டது, அது வேறு அசிங்கம்.

ரெஜினா ஒரு தாளை இழுத்துக்கொண்டாள். எந்த வார்த்தையெல்லாம் வரவில்லை, காட்டுங்கள் என்றாள். காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் எந்த மூட்டு எவ்வளவு மடங்க வேண்டும் என்று குறித்துக்கொண்டாள். இனி ஸ்பாஞ்சு அமுக்கும் பயிற்சி வேண்டாம், வார்த்தைகளையே பயிற்சியாகச் செய்யுங்கள் என்றாள். ஐம்பத்தைந்து டிகிரிக்கு மேல் இந்த மூட்டு மடங்காது, முழுக்கை மூடுவதை மறந்துவிடுங்கள் என்றும் சொன்னாள். பிறகு அவர் பக்கம் கையைக் காட்டினாள். "வராத வார்த்தைய வேற எப்படிச் சொல்லலாம்னு அவங்களையே கேளுங்க. அவங்க பாஷைதானே?"

மூன்று மாதத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

செப்டம்பர் 10, ஞாயிறு

வலி 2.

அவரை உட்காரவைத்து, இந்தக் கை இவ்வளவுதான் மடங்கும் என்று காட்டினேன். ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். வலிக்குக் கையை மூட வேண்டாம், விரல் நுனிகளைச் சேர்த்து நெஞ்சில் இரண்டு தட்டு. கோபத்துக்கு மணிக்கட்டைத் திருப்பினால் போதும். ஏன் என்பதற்கு இரண்டு விரலை நெற்றியோரம் நேராக வைத்துச் சாய்க்க வேண்டும். எல்லாம் தூரத்தில் இருந்தே சொல்லிக் கொடுத்தார். என் விரலைப் பிடித்துத் திருத்தினால் ஒரு நொடியில் முடிகிற வேலை. பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கையை என் பக்கம் கொண்டுவந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, இழுத்துக்கொண்டார்.

இவ்வளவு நேரான விரலைத் தொடுவதில் என்ன சங்கடம்?

செப்டம்பர் 14, வியாழன்

வார்த்தைகள் எல்லாம் வந்துவிட்டன. கேட்கவில்லை. பிரஸ்ஸில் வேலை அதிகம், களைத்து வருகிறார்.

செப்டம்பர் 17, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

இந்த நான்கு நாளில் ஒன்று புரிந்தது. கை சரியில்லை, அதனால் கேட்கவில்லை என்று மூன்று வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கை சரியான பிறகும் கேட்கவில்லை என்றால் பழியைப் போட வேறு எதுவும் மிச்சமில்லை.

காலை டிபன் முடிந்து அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது முன்னால் போய் நின்றேன். நீங்கள், அறை, போனது, ஏன் என்றேன். நான்கு சொல். ஒன்றும் குளறவில்லை. நான் பார்த்தேன், அவர் முகத்தில் புரிந்தது.

அவர் பொத்தானை விட்டார். நீ சொன்னாய் என்றார். நான் என்ன சொன்னேன் என்றேன். அவர் தன் வலது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து, என் பழைய கையாக்கினார். முகத்தைச் சுளித்துக்கொண்டார். அந்தக் கையை உள்ளங்கை கீழே பார்க்க வைத்து இறக்கினார். சாய்ந்த விரல்கள் வெளிப்பக்கமாக விசிறின. போ. தள்ளிப் போ. அப்படித்தான் இருந்தது.

எந்த நாள் என்று எனக்குத் தெரியும். கொரோனா வருடத்து மே மாதம். மருந்து கிடைக்காமல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்த நேரம். அவர் எப்போதும்போல மதியம் என் கையை மடியில் வைத்துத் தைலம் தேய்த்தார். உயிர் போகிற வலி. மெதுவா என்று சொன்னேன். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து இறக்கினால் மெதுவாக என்று அர்த்தம். நான் சொன்னது மெதுவா. என் விரல்கள் சொன்னது போ. முகச்சுளிப்பு வலியில் வந்தது. அவர் அதை அருவருப்பு என்று படித்தார்.

மெதுவா என்று இப்போது சொன்னேன், நேரான விரலால். அன்றைக்கு நான் சொன்னது இது, மெதுவா, வலி, மெதுவா. அவர் தன் சாய்த்த கையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். உன் அருகில் வந்தாலே உனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன் என்றார். என் கையைப் பார்க்கப் பிடிக்காமல் போனீர்கள் என்று நான் நினைத்தேன் என்றேன். அவர் அதை இரண்டு முறை சொல்ல வைத்தார். கை புரியாமல் அல்ல.

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் கட்டிப்பிடித்திருப்போம். எங்களுக்குக் கோபம் வந்தது. மூன்று வருடம், ஒரு தடவை திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா என்றேன். எல்லாவற்றுக்கும் மறுபடி, மறுபடி என்று கேட்கிற மனுசர் அதை மட்டும் ஏன் கேட்கவில்லை? நீ ஏன் கூப்பிடவில்லை என்றார். ஒரு பொம்பளைக்கு வந்து படு என்று கூப்பிட ஆகும் கூச்சம் உங்களுக்கு எங்கே தெரியும் என்றேன். போகச் சொன்ன இடத்துக்குத் திரும்பி வருகிற கூச்சம் உனக்கு எங்கே தெரியும் என்றார். சட்டையைத் தப்பான பொத்தானில் மாட்டிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போய்விட்டார். சாப்பாட்டுத் தூக்கு மேஜையிலேயே இருக்கிறது.

வலி தெரியவில்லை.

செப்டம்பர் 18, திங்கள்

பேசவில்லை. இரண்டு பேரும்.

செப்டம்பர் 24, ஞாயிறு

நேற்று ராத்திரி பாயை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். கட்டிலில் சுவர் ஓரமாகப் படுத்துக்கொண்டார். காலையில் தைலப் பாட்டிலை எடுத்து வந்து காட்டி, புருவத்தை உயர்த்தினார். தையல் போட்ட இடத்தில் அழுத்தாமல் தேய்க்கலாம் என்று ரெஜினா முன்பே சொல்லியிருக்கிறாள். கையை நீட்டினேன். அரைப் பாட்டிலைக் கொட்டிவிட்டார். அளவு எப்போதும் தெரியாது.

அக்டோபர் 9, திங்கள்

ஆபீசில் திரும்பச் சேர்ந்தேன். ஸ்டேப்ளரை இன்னும் அமுக்க முடியவில்லை. எல்லோரும் கையைப் பிடித்துப் பார்த்து அழகு என்றார்கள். எங்கள் அதிகாரி பி.டி.ஓ. வரைக்கும்.

டிசம்பர் 13, புதன்

ஆறு மாதப் பரிசோதனைக்கு மதுரை போய் வந்தோம். சாய்வு ஐந்தாக இருந்தது பன்னிரண்டாகியிருக்கிறது. வருடம் போகப் போக இன்னும் கொஞ்சம் சாயும், சில பேருக்கு உள்ளே வைத்த மூட்டு உடையவும் செய்யும், ஆனாலும் வலியில்லாமல் ஓடும் என்றார் டாக்டர். இதையும் முதலிலேயே சொன்னார்தான். கேட்டபோது பெரிதாகப் படவில்லை. இப்போது அந்தப் பன்னிரண்டு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இடது கைக்கும் செய்துகொள்ளலாம், மார்ச்சில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றேன்.

சிவகாசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தது. நான் செய்துகொள்ளலாம் என்றேன். அவர் வேண்டாம் என்றார். ஏன் என்றேன். திரும்பவும் சாயத்தானே போகிறது, அதற்கு எதற்கு உன்னை இன்னொரு தடவை அறுக்க வேண்டும் என்றார். இரண்டு கையால் சொல்ல வேண்டிய வார்த்தை பாதி இருக்கிறது, ஒற்றைக் கையால் எவ்வளவு நாள் ஒப்பேற்றுவது என்றேன். ஒற்றைக் கை எனக்குப் போதும் என்றார். எனக்குப் போதாது என்றேன். கள்ளிக்குடி தாண்டுவதற்குள் முன் இருக்கைக்காரர்கள் இருவரும் திரும்பி உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருதுநகரில் பஸ் நின்றதும் தெரியவில்லை, கிளம்பியதும் தெரியவில்லை. ஓரிடத்தில் எனக்குக் கை தடுமாறி, மார்ச் என்று சொன்னது அவருக்கு மாமியார் என்று பட்டது. அம்மாவை ஏன் இழுக்கிறாய் என்று அதற்கு ஒரு சண்டை. செத்துப் பதினாறு வருடமாகிறது அத்தை. திருத்தி, மறுபடி திருத்தி, மாசி கழிந்து பங்குனி என்று சொல்லிப் புரியவைத்தேன்.

கடைசியில், இது என் கை, நான் சொல்வதுதான் என்றேன்.

உன் கைதான். ஆனால் கேட்கிறவன் நான் என்றார்.

பதில் சொல்லக் கையைத் தூக்கினேன். அதற்குள் கண்டக்டர் வந்து, "திருத்தங்கல் போய் பத்து நிமிசமாச்சும்மா, நான் கத்துறது உங்களுக்குக் கூடவா கேக்கல?" என்றார். சிவகாசி பஸ் ஸ்டாண்டு வந்திருந்தது. இறங்கி, டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்தோம். அதில் நின்றுகொண்டு வந்ததால் கம்பியைப் பிடிக்கத்தான் கை இருந்தது. பேச்சு பாதியில் நிற்கிறது.

இப்போது மணி ஆறரை. முகம் கழுவிவிட்டு வந்து, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். விளக்கைப் போட்டுவிட்டார். மேஜையைத் தட்டுகிறார், சொல்ல வந்ததைச் சொல் என்று. பதில் தயாராகத்தான் இருக்கிறது, மூன்று வாக்கியம், டவுன் பஸ்ஸிலேயே யோசித்து வைத்துவிட்டேன். பேனாவைப் பிடித்திருக்கும் கையால் அதைச் சொல்ல முடியாது. வைக்கிறேன்.